மேசைக்கு அடியில் இருந்த பொத்தான்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

போன மாதம் உங்களில் ஒருவர் தொலைபேசியில் என்னை அழைத்தார். பழைய கேலரி வகுப்பறையில் வேலை நடக்கிறது. செய்முறை காட்டும் பெரிய மேசையைப் புரட்டியபோது, ஆசிரியர் நிற்கும் பக்கம், முழங்கால் உயரத்தில், பலகைக்கு உள்பக்கமாக ஒரு பித்தளைப் பொத்தான் இருந்ததாம். அதிலிருந்து இரண்டு கம்பிகள் மேலே போகின்றனவாம்.

"எதுக்குன்னு யாருக்கும் தெரியல சார். எலெக்ட்ரீசியன் பிடுங்கிப் போட்ரவான்னு கேக்காரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு…"

"ஞாபகம் இல்லையேம்மா" என்றேன்.

ஞாபகம் இருக்கிறது. என் வலது முழங்காலுக்கு இன்றும் அந்தப் பொத்தானின் குளிர்ச்சி ஞாபகம் இருக்கிறது. எழுபத்து நான்கு வயதில், மில்லர்புரத்து வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு, யாருக்கும் பயப்பட வேண்டிய தேவையில்லாத போதும், வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது.

ஒலியியல், இயக்கவியல் வகுப்புகளில் அந்தக் காலத்தில் என்னென்ன காட்டிப் பாடம் நடத்தினோம் என்று நாலு பக்கம் எழுதித் தரும்படி உங்கள் துறைத் தலைவர் கேட்டிருந்தார். நிறையக் கருவிகள் இருந்தன. அடியில் விளக்கு வைத்த தண்ணீர்த் தட்டு, அதில் விரல் வைத்தால் அலை கூரையில் ஓடும். வில்லால் விளிம்பை இழுத்தால் மேலே தூவிய மணல் கோலம் போடும் பித்தளைத் தகடு. கூரையிலிருந்து தொங்கும் இரும்புக் குண்டு. அந்தக் குண்டை என் மூக்கு நுனியில் வைத்து விட்டுவிட்டு, அது வீசித் திரும்பி வரும்போது கண் இமைக்காமல் நிற்பேன். விட்ட உயரத்துக்கு மேல் அது ஏறாது என்பது விதி. மூக்குக்கு ஒரு விரல்கடை முன்னால் வந்து நின்று திரும்பும். மாணவர்கள் கை தட்டுவார்கள். பயமில்லாத மனுசன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

அந்தப் பெயருக்கு நான் உரியவன் இல்லை. அதனால் மற்றக் கருவிகளைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். நான் பொத்தானைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மணி ஜாடிச் சோதனை உங்களுக்குத் தெரியும். கண்ணாடி ஜாடிக்குள் ஒரு மின்சார மணியைத் தொங்கவிட்டு, அடிக்கவிட்டு, பம்பால் காற்றை உறிஞ்சி எடுக்கிறோம். காற்றுக் குறையக் குறையச் சத்தம் குறைந்து, கடைசியில் கேட்காமலே போகிறது. ஆனால் சுத்தியல் மணியை அடித்துக்கொண்டே இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இந்தச் சோதனையின் உயிர் காதில் இல்லை, கண்ணில் இருக்கிறது. சத்தம் நிற்பது பெரிய விஷயமில்லை. சுத்தியல் நிற்காமல் இருக்கும்போது சத்தம் நிற்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் சத்தம் நிற்கவில்லை. பம்பு ஓடியது, மணியும் அடித்தது, கொஞ்சம் மங்கியது, அதற்குமேல் மங்க மறுத்தது. கால்மணி நேரம் பம்பு ஓடிய பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன், "சார், பெல் அடிச்சிட்டு, கிளாஸ் முடிஞ்சிட்டா?" என்றான். அறை முழுக்கச் சிரித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, நான் வெளியே வந்தேன்.

எங்கள் ஆய்வுக்கூட உதவியாளரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் பம்பைத் திறந்து காட்டினார். "கடல் காத்துல ரப்பர் எல்லாம் உளுத்துட்டு சார். மேல கிரீஸ் போட்டா கீழ ஒழுவுது, கீழ போட்டா மேல ஒழுவுது. புதுசு கேட்டு நாலு வருசமா எழுதுதோம். இவன் மூச்சு இவ்வளவுதான்."

அப்போதைய துறைத் தலைவர் நாசரேத் பக்கத்து ஆசிரியர் குடும்பத்திலிருந்து வந்தவர். கண்டிப்பானவர், நல்லவர். இன்றைக்கும் அவரை மோசமானவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மறுநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, விதி சரிதானே?"

"சரிதான் சார்."

"பம்புதானே தப்பு? பம்பு செஞ்ச தப்புக்கு விதி ஏன் சிரிப்புக்கு ஆளாவணும்? பிள்ளைங்க வாழ்க்கையில இத ஒரே ஒரு தடவதான் பாக்கப்போவுது. தப்பாப் பாத்துட்டுப் போச்சுன்னா கடைசி வரைக்கும் தப்பாத்தான் ஞாபகம் வச்சிருக்கும்."

அந்த வாரமே அண்ணாச்சி பொத்தானைப் பொருத்தினார். அழுத்தினால் மணிக்குப் போகும் மின்சாரம் அறுந்துவிடும். எனக்கு முன்பு இந்த வகுப்பை எடுத்தவரும் இதையேதான் செய்தார், அவர் பொத்தான் துருப்பிடித்துப் போனதால் புதிது என்றார். "கை போகக் கூடாது சார். கை போனா பிள்ளைங்க கண்டுபிடிச்சிரும். முழங்காலு போதும்."

அழுத்தினால் சத்தத்தோடு சுத்தியலும் நின்றுவிடுமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் துறைத் தலைவர் வழி வைத்திருந்தார். மேசைக்கு வலதுபுறம் ஆள் உயரத்தில் ஒரு துணிப்படம் தொங்கும். ஜாடி, மணி, அடித்துக்கொண்டிருக்கும் சுத்தியல், எல்லாம் பெரிதாக வண்ணத்தில். பம்பு தன்னால் ஆன அளவுக்குச் சத்தத்தை மங்கவைக்கும். அண்ணாச்சி பம்பை நிறுத்துவார். பம்பின் இரைச்சல் அடங்கி, மணி மட்டும் மெலிதாகக் கேட்கும். நான் பிரம்பை எடுத்து, "இப்போது இங்கே பாருங்கள், சுத்தியல் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது" என்று படத்தைக் காட்டுவேன். எழுபது தலையும் படத்தின் பக்கம் திரும்பும். அந்த நொடியில் முழங்கால் அழுத்தும். ஒரு பத்து எண்ணும் நேரம் அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். பிறகு காற்றைத் திறந்துவிடும்போது முழங்காலை எடுப்பேன். மணி கணீரென்று திரும்பி வரும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

கற்பிப்பதற்காக வரைந்த படத்தை, கண்ணைத் திருப்புவதற்காகப் பயன்படுத்தினேன். பதினோரு வருடம் ஒரு தலைகூடத் திரும்பாமல் இருந்ததில்லை.

பன்னிரண்டாம் வருடம் ஒரு தலை திரும்பவில்லை.

அவன் பெயர் சூசை. கடற்கரைத் தெருவிலிருந்து வந்தவன். அப்பா கடலில் முங்கிச் சங்கு குளிப்பவர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். எப்போதும் முதல் வரிசையில், மேசையை ஒட்டி உட்காருவான். பேசினால் கொஞ்சம் உரத்துப் பேசுவான். இரண்டு தடவை கேட்டால்தான் ஒரு தடவை பதில் சொல்லுவான். திமிர் என்று நான் நினைத்திருந்தேன்.

அன்றைக்குப் பார்த்துக் கல்லூரிக்குத் தன்னாட்சி கொடுக்கலாமா என்று பார்க்க வெளியூர்க் குழு வந்திருந்தது. நான்கு பேர் கடைசி வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் எங்கள் துறைத் தலைவர், அன்றைக்கென்று கோட்டுப் போட்டுக்கொண்டு. எங்கள் துறையில் காட்டுவதற்கு என் வகுப்பைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருந்தார்.

எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பம்பு நின்றது. பிரம்பை எடுத்தேன். "இங்கே பாருங்கள்" என்றேன். முழங்கால் அழுத்தியது. அமைதி.

"சார், சுத்தியல் நின்னுட்டு சார்."

அவன் எழுந்துகூட நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே, இடது கையை மேசை விளிம்பில் வைத்தபடி, ஜாடியையே பார்த்துக்கொண்டு சொன்னான். குரல் வழக்கம்போல உரத்து வந்தது.

இரும்புக் குண்டு முகத்துக்கு நேராக வரும்போது ஒருநாளும் நான் அப்படிப் பயந்ததில்லை. என் முழங்கால் பொத்தானை விட்டு எழவில்லை. எடுத்தால் மணி அடித்துவிடும்.

"ஏலே, சத்தம்தான் நின்னிருக்கு. சுத்தியல் அடிக்குது. நான் படத்தக் காட்டும்போது நீ எங்க பாத்துட்டு இருந்தே?"

"நீங்க சொன்னது கேக்கல சார்."

வகுப்பு குபீரென்று சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டேன். "காதுதான் கேக்கலன்னா கண்ணுமா தெரியல?" என்றேன். சிரிப்பு கடைசி வரிசை வரை போயிற்று. வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தின் மறைவில் காற்றைத் திறந்துவிட்டு முழங்காலை எடுத்தேன். மணி அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அவன் கை தட்டவில்லை. மேசை விளிம்பில் வைத்த கையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தான். "இன்னொரு தடவ போடுங்க சார். மேசையில கை வச்சிருந்தேன். மணி அடிக்கும்போது கையில சின்னதா துடிக்கும். அதுவும் நின்னுட்டு சார்."

இதை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். மணி தொங்கும் கொக்கி வழியாக அந்தச் சிறு துடிப்பு மேசைக்கு வரும். ஜாடியில் காற்றே இல்லாவிட்டாலும் வரும். நின்றால், சுத்தியல் நின்றது என்றுதான் பொருள். கண்ணால் ஒன்று, கையால் ஒன்று என்று இரண்டு சாட்சி வைத்துக்கொண்டு ஒரு பத்தொன்பது வயதுப் பையன் என் முன்னால் நின்றான். என் ஆசிரிய வாழ்க்கையில் அப்படி ஒரு கவனிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"போய் உன் வேலையப் பாரு" என்றேன்.

அவன் அண்ணாச்சியிடமும், வேறு இரண்டு ஆசிரியர்களிடமும் கேட்டான். இரண்டு நாளில் துறைத் தலைவர் காதுக்குப் போயிற்று. குழுவின் அறிக்கை இன்னும் வரவில்லை. அவருக்குப் பயம் பிடித்தது. எனக்கு அதைவிட. செய்முறை ரெக்கார்டு நோட்டில் துறையின் கையெழுத்து இல்லாமல் தேர்வுக்குப் போக முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். கையெழுத்து வேண்டுமானால் சூசை ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்று முடிவாயிற்று.

கடிதம் வாங்கும் நாளில் அவன் அப்பாவையும் அழைத்திருந்தோம். கறுத்து ஒல்லியாக, உப்பில் சிவந்த கண்களோடு, நாற்காலி காட்டியும் உட்காராமல் நின்றார்.

"ஐயா, இவன் என்ன தப்பு செஞ்சாம்னு எனக்கு வெளங்கல. பொய் சொல்லுத பையன் இல்ல."

"பொய்னு சொல்லல. தப்பாப் பாத்துட்டான். அத ஒத்துக்கிட்டு எழுதித் தரணும், அவ்வளவுதான்" என்றார் துறைத் தலைவர்.

"தப்பாப் பாத்துட்டானா?" அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஐயா, லீவு நாள்ல என்கூட முங்குவான். அப்பிடி முங்கித்தான் காதுல ரத்தம் வந்து ஒரு காது போச்சு. மத்ததும் பாதிதான். தண்ணிக்குள்ள பேச முடியாதுல்லா? அவன் கை காட்டுனா நான் ஒண்ணும் கேக்காம மேல ஏறிருவேன். அவன் கண்ண நம்பித்தான் ஐயா நான் கீழ இருக்கேன். இதுவரைக்கும் அது தப்பாச் சொன்னதில்ல."

அப்போதுதான் எனக்கு அவன் காது விஷயம் தெரிந்தது. நான் சொன்ன வாக்கியமும், அதற்கு எழுந்த சிரிப்பும் திரும்பக் கேட்டன. அவன் தலை ஏன் திரும்பவில்லை என்பதும் விளங்கிற்று. நான் "இங்கே பாருங்கள்" என்றது அவனுக்குக் கேட்கவே இல்லை. எழுபது பேருக்கும் காது கேட்டதால் அவர்கள் ஏமாந்தார்கள். அவன் ஒருவன்தான் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வாய் திறக்க வேண்டிய நேரம் அது. துறைத் தலைவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த காகிதக் கட்டையைப் பார்த்தேன்.

"கடல் வேற, பரிசோதனைக்கூடம் வேற" என்றார் துறைத் தலைவர்.

சூசை அப்பாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, வந்து உட்கார்ந்தான். நான்தான் வாசகம் சொன்னேன். அவனுக்குக் கேட்பதற்காக உரக்கச் சொன்னேன். "அன்றைய வகுப்பில் சுத்தியல் நிற்கவில்லை. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை." எழுதிக்கொண்டு வந்தவன் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, நிமிர்ந்து கேட்டான்.

"சார் பாத்தீங்களா? அடிச்சத?"

"பாத்தேன்" என்றேன்.

எழுதிக் கையெழுத்துப் போட்டான். ரெக்கார்டு நோட்டில் நானும் போட்டேன். மறுநாளிலிருந்து அவன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். அங்கே அவனுக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது. அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டாம் வகுப்பில் தேறிப் போனான்.

பிறகு நானே துறைத் தலைவரானேன். நான் பதவிக்கு வந்த வருடம் புதிய பம்பு வாங்கும் வாய்ப்பு வந்தது. அந்தத் தொகைக்கு வேறு கருவி கேட்டு எழுதினேன். புதிய பம்பு வந்தால் பழைய பம்பைப் பற்றிப் பேச்சு எழும் என்று ஒரு பயம். பொத்தான் இருக்கும்போது பம்பு எதற்கு என்றும் ஒரு சோம்பேறித்தனம். ஓய்வு பெறும் வரை முழங்காலால்தான் அந்தச் சோதனையை நடத்தினேன். கோப்புகளை ஒப்படைத்தபோது, அந்தக் கடிதத்தை மட்டும் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

போன ஆண்டு குலசேகரன்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்து அழைப்பு வந்தது. அறிவியல் கண்காட்சியைத் திறந்துவைக்க வேண்டும். கீழே இயற்பியல் ஆசிரியர் கையெழுத்து: சூசை.

போகாமல் இருக்கக் காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. போனேன்.

தலை நரைத்து, காதில் கருவி வைத்து, சிரித்த முகத்தோடு வாசலுக்கே வந்து வண்டியிலிருந்து என் கையைப் பிடித்து இறக்கினான். மன்னிக்கவும், இறக்கினார். அவருக்கும் ஐம்பத்து நான்கு வயதாகிவிட்டது. ஒவ்வொரு மேசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கடற்கரை மணலைத் தூவி அதிரவிட்ட தகடு. மூக்கு வரை வந்து திரும்பும் குண்டு. "இது உங்ககிட்ட திருடுனது சார்" என்று சிரித்தார். என் உடம்பு இளகியது. மறந்துவிட்டார், மன்னித்துவிட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கடைசியாக அரங்கத்தில் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்தார். என்னை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மேசையில் துணி விரித்து, அதன்மேல் மணி ஜாடி. வலதுபுறம் கையால் வரைந்த பெரிய படம். ஜாடி, மணி, சுத்தியல். எங்கள் துணிப்படத்தின் அதே அமைப்பு.

பம்பு ஓடியது. நின்றது. சூசை பிரம்பை எடுத்தார். "இங்க பாருங்க பிள்ளைகளா, சுத்தியல் அடிச்சிட்டுத்தான் இருக்கு" என்று படத்தைக் காட்டினார். அரங்கமே திரும்பியது.

நான் திரும்பவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மேசைத் துணி அவர் முழங்காலுக்கு நேராக லேசாக உள்ளே போயிற்று. ஜாடிக்குள் சுத்தியல் நின்றது.

நான் இவருக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தானா? ஆசிரியர் என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, இத்தனை வருடம், இத்தனை பிள்ளைகள் முன்னால்?

முன்வரிசையில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "சார், சுத்தியல் அடிக்காம நிக்கி."

"ஏளா, உக்காரு. எல்லாரும் பாக்காவ" என்று பக்கத்தில் இருந்தவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

சூசை கோபப்படவில்லை. "நான் அடிக்குதுங்கேன், நீ நிக்குதுங்கே. யாரு சொல்லுதது சரி? எனக்குப் பாடம் சொல்லிக்குடுத்த சார் இந்தா மேடையில இருக்காவ. அவங்ககிட்டயே கேப்போம்" என்று மைக்கை என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது என் கண்ணை நேராகப் பார்த்தார்.

முந்நூறு பிள்ளைகள். தலைமையாசிரியர். பெற்றோர்கள். எனக்கு யோசிக்கக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இதுதான்: ஒருமுறை இவரை ஊர் முன்னால் கெடுத்தேன், இப்போது காப்பாற்ற வேண்டும். எவ்வளவு நல்ல எண்ணம், பாருங்கள்.

"சுத்தியல் அடிக்குது பாப்பா. நீ சரியாப் பாரு" என்றேன்.

அவள் ஜாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி ஜாடியைப் பார்த்தாள்.

"இல்ல தாத்தா, நிக்கி. நீங்க கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க."

அரங்கம் சிரித்தது. சூசை பிரம்பைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். மேசைத் துணியை ஒரே இழுப்பில் உருவினார். முழங்கால் உயரத்தில் ஒரு பொத்தான். ஜாடிக்குள் காற்றைத் திறந்துவிட்டு, சிறுமியை மேடைக்கு அழைத்து அவளையே அழுத்தச் சொன்னார். அழுத்தினாள், மணி நின்றது. எடுத்தாள், அடித்தது. மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்துச் சிரித்தாள். "நான் சொன்னாலும் நம்பாத, பெரிய சார் சொன்னாலும் நம்பாத, உன் கண்ணு சொல்லுதத முதல்ல கேளு" என்றார். கைதட்டல் ஓயவில்லை. ஒவ்வொரு வருடமும் ஏதாவதொரு சோதனையில் இப்படி ஒரு நாடகம் நடத்துவாராம். யாராவது ஒருவர் எழுந்து சொல்லும் வரை விடமாட்டாராம்.

அதற்குப் பிறகு பொத்தானின் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, உண்மையான சோதனையைச் செய்து காட்டினார். நல்ல பம்பு. ரப்பர் வளையத்தை மாதம் ஒருமுறை மாற்றுகிறாராம். சத்தம் மங்கியது, இன்னும் மங்கியது, இல்லாமலே போயிற்று. ஜாடிக்குள் சுத்தியல் வெறிபிடித்தது போல அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

முப்பத்து மூன்று வருடம் நான் கற்பித்த பாடம் அது. அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகப் பார்த்தேன். கல்லூரியில் படித்தபோதும் யாரும் எனக்குக் காட்டியதில்லை. இப்படித்தான் இருக்கும் என்று புத்தகத்தில் படித்து, படத்தில் பார்த்து, படத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளோடு நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் அறையில் டீ வந்தது. இருவரும் மட்டும் இருந்தோம்.

"மேடையில வச்சு எனக்கு நல்லா குடுத்துட்டே சூசை" என்றேன். சிரிக்க முயன்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "குடுக்கணும்னு கூப்பிடல சார். நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். பாப்பா சொல்லுதது சரின்னு ஒரு வார்த்த. அது போதும்னு இருந்தேன்."

"உன்னக் காப்பாத்தலாம்னு நெனச்சுட்டேன்."

"அன்னைக்கும் யாரையோ காப்பாத்தத்தான் சார் சொன்னீங்க."

நான் டீயைக் கீழே வைத்தேன். அவரே மெதுவாகச் சொன்னார். கடிதம் எழுதுவதற்கு முந்தின நாள் காலையில், அறை கூட்டுவதற்குத் திறந்திருந்தபோது உள்ளே போய் மேசைக்கு அடியில் தடவிப் பார்த்தாராம். பொத்தான் கையில் பட்டதாம்.

"தெரிஞ்சுதான் எழுதுனியா?"

"யாரு நம்புவா சார்? வீட்டுல அப்பாட்ட சொன்னேன். 'படிச்சு முடி மக்கா, பொறவு பாத்துக்கலாம்'னாவ. 'சார் பாத்தீங்களா'ன்னு உங்ககிட்ட கேட்டேன்லா, அப்பமும் நீங்க சொல்லிருவீங்கன்னுதான் நெனச்சேன்."

அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. என்னைப் பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக ஒரு பனங்கிழங்குக் கட்டைக் கொடுத்தார்.

என் அறிவுரை என்று ஒன்று எதிர்பார்ப்பீர்கள். கருவி வேலை செய்யாவிட்டால், வேலை செய்யவில்லை என்று வகுப்பில் சொல்லுங்கள். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு ஏன் என்று கேட்பார்கள். அங்கிருந்து பாடம் தொடங்கும். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்கும் தைரியம் இல்லை. ஒரு பொய்யை நியாயப்படுத்த ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது. முதலில் விதியின் மானம், பிறகு துறையின் மானம், கடைசியில் சூசையின் மானம். போன மாதம் உங்களிடம் சொன்னதற்கு அப்படி ஒரு காரணம்கூட இல்லை. பழக்கம், அவ்வளவுதான்.

இதை எழுதுவதற்கு முன் சூசையிடம் அனுமதி கேட்டேன். "பேரு போடுங்க சார். காது கேக்காதுன்னும் சேத்துப் போடுங்க, அது இல்லாம கதை நிக்காது" என்றார்.

எலெக்ட்ரீசியனிடம் பொத்தானைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கம்பியை மட்டும் அறுத்துவிட்டு, மேசையைப் புரட்டாமலே மாணவர்கள் பார்க்கும்படி வெளிப்பக்கமாக மாற்றிவைக்கச் சொல்லுங்கள். சூசையின் கடிதத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். துறைக் கோப்பில் அது இருந்த இடத்திலேயே வையுங்கள். ஆனால் அவர் எழுதிய பக்கம் கீழே இருக்கட்டும். பின்பக்கத்தில் நேற்று நான் எழுதிக் கையெழுத்திட்டிருப்பது மேலே இருக்கட்டும். இரண்டே வரிதான்:

அன்றைய வகுப்பில் சுத்தியல் நின்றது. நான்தான் நிறுத்தினேன்.